கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் வேர் 'சி' வடிவமாம்: வேர் சிகிச்சையைத் தொடரலாமா, பல்லைப் பிடுங்கிவிடலாமா?

கேள்வி: தக்கலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தக்கலைக்கு அருகில் வசிக்கும் பள்ளி ஆசிரியை, வயது 38. கீழ்த்தாடையின் வலப்பக்கத்தில், ஞானப்பல்லுக்கு முந்திய கடைவாய்ப் பல்லில் இருந்த சொத்தையைப் பல மாதங்களாகக் கவனிக்காமல் விட்டிருந்தேன். தங்கை மகளின் திருமணத்திற்குச் சுட்ட முந்திரிக்கொத்தைக் கடித்த அன்றிரவு தொடங்கிய வலி, காதுவரை இழுத்து, விடியும்வரை தூங்கவிடவில்லை.

மறுநாள் உள்ளூர்ப் பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சொத்தை பல்லின் உள்ளே நரம்பிருக்கும் மென்திசுவான பற்கூழைத் தொட்டுவிட்டது என்றும், வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் பல் நிற்கும் என்றும், மூன்று முறை வந்தால் போதும் என்றும் கூறினார். முதல் முறையிலேயே வலி பெருமளவு அடங்கிவிட்டது. இரண்டாம் முறைதான் சிக்கல் தொடங்கியது. மரத்துப்போகும் ஊசி போட்டு உதடே எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்த நிலையிலும், மெல்லிய கம்பி போன்ற கருவி உள்ளே ஓர் இடத்தைத் தொட்டபோது மட்டும் சுரீரென்று வலித்தது. ஈரத்தை ஒற்றி எடுக்கும் காகிதக் குச்சிகளை அவர் ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தார். ஐந்தாறு குச்சிகளுக்குப் பிறகும் இரத்தக் கறை வந்துகொண்டிருந்தது; அதுவும் நுனியில் அன்று, குச்சியின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் இருந்தது.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தார். வேர் 'சி' வடிவில் இருக்கலாம் என்று சந்தேகிப்பதாகவும், தன்னிடம் உள்ள வசதியைக் கொண்டு இதற்குமேல் செல்ல விரும்பவில்லை என்றும், நாகர்கோவிலில் வேர் சிகிச்சை நிபுணரிடம் காட்டும்படியும், பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் தேவைப்படலாம் என்றும் கூறினார். வீட்டில் பெரியத்தான், "கடைசிப் பல்தானே, பிடுங்கிப் போட்டால் ஐந்து நிமிட வேலை" என்கிறார். தொடங்கியவரால் முடிக்க முடியாததை நிபுணர் என்ற பெயரில் இன்னொருவரிடம் தள்ளி, இருமுறை கட்டணம் வாங்குகிறார்களோ என்ற ஐயமும் எனக்கு இல்லாமல் இல்லை. இப்படி ஒரு வேர் உண்மையில் உண்டா? ஸ்கேன் அவசியமா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: வேர் சிகிச்சை மருத்துவர், மார்த்தாண்டம்

டீச்சர், பல்லை நேரில் பார்க்காமல் முடிவாக எதுவும் சொல்ல இயலாது. ஆயினும் மரத்த பல்லில் ஒரே இடத்தில் எஞ்சியிருந்த வலி, குச்சியின் பக்கவாட்டில் படிந்த கறை ஆகிய இரண்டையும் நீங்கள் கவனித்து எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, உங்கள் மருத்துவரின் சந்தேகத்தில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேர்கள், முன்வேரில் இரண்டும் பின்வேரில் ஒன்றுமாகப் பற்கூழ் இறங்கும் மூன்று குழாய்கள் என்றுதான் கல்லூரியில் முதலில் படிக்கிறோம். பல் உருவாகும் பருவத்தில் வேருக்கு வடிவம் கொடுப்பது ஹெர்ட்விக் உறை எனப்படும் மெல்லிய திசு. அது உள்நோக்கி மடிந்து ஒன்றுசேர வேண்டிய இடத்தில் சேராமல் போனால், இரு வேர்களும் பிரியாமல் ஒட்டிக்கொண்டு ஒரே கூம்பாக நிற்கும். அதன் ஒரு பக்கத்தில் நெடுக ஒரு பள்ளம் ஓடும். உள்ளே இருக்கும் குழாயும் வட்டமாக இல்லாமல் நாடாவைப்போல் வளைந்து கிடக்கும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் தேங்காய்க் கீற்றின் வளைவுதான் நினைவுக்கு வரும். 1979-இல் குக், காக்ஸ் என்ற இருவர் இதைச் 'சி' வடிவக் குழாய் என்று மருத்துவ இதழில் எழுதினார்கள். சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய நாட்டு மக்களிடம் இது மிகுதி; நம்மிடம் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் இந்தப் பல்லை அடிக்கடி திறந்து பார்ப்பவர்களுக்கு இது அதிசயமன்று.

தொல்லை எங்கே என்றால், குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்ய நாங்கள் பயன்படுத்தும் ஃபைல் என்ற மெல்லிய கம்பிக் கருவிகள் சுழன்று வேலை செய்பவை. அவை வட்டமான பாதையைத்தான் உண்டாக்கும். நாடாவின் இரு முனைகளிலும் அவை நன்றாக இறங்கிவிடும். இடையிலுள்ள மெல்லிய இடுக்கைத் தொடுவதே இல்லை. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் துலக்கும்போது தண்டும் தட்டும் பளபளத்துவிடும், வேலைப்பாட்டின் இடுக்கில் மட்டும் பச்சைக் களிம்பு அப்படியே இருக்கும் அல்லவா? அங்கே கை போகாது. புளிக்கரைசல்தான் போக வேண்டும். அதுபோல இந்த இடுக்கில் எஞ்சிய பற்கூழைக் கரைத்து வெளியேற்றுவது சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். அதை ஊற்றிவிட்டு வந்துவிட்டால் போதாது. அல்ட்ராசோனிக் முனையால் அதிரவைத்து, புதிது புதிதாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு ஊசிக்கு மீறிய வலி ஏற்பட்டதும் இரத்தம் நிற்காததும் அந்த இடுக்கில் உயிருள்ள திசு இன்னும் மிச்சம் இருப்பதால் இருக்கலாம்.

இன்னொரு தொல்லை, மேலே பார்த்த வடிவமே கீழேயும் இருக்கும் என்று நம்பமுடியாது. 1991-இல் மெல்டன் குழுவினர் இவற்றை மூன்றாக வகுத்தார்கள். முழுவதும் தொடரும் 'சி' ஒன்று. பல்திசு குறுக்கே வந்து ஒரு குழாயைத் தனியே பிரித்துவிடுவது, அதாவது அரைப்புள்ளிக் குறிபோலத் தோன்றுவது இன்னொன்று. தனித்தனிக் குழாய்களாகவே நிற்பது மூன்றாவது. ஒரே பல்லில் குழாயின் வாய்ப்பகுதியில் ஒரு வகையும், நடுவில் வேறு வகையும், நுனியில் மீண்டும் முதல் வகையும் இருப்பதுண்டு. சாதாரண எக்ஸ்ரே என்பது நிழல். கன்னப் பக்கத்தில் இருப்பதும் நாக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். ஒட்டிய வேர்கள், தெளிவில்லாத பிரிவு, வேர்களுக்கு நடுவே இறங்கியதுபோல் தோன்றும் ஃபைல் ஆகியவற்றைக் கொண்டு சந்தேகிக்கலாமே தவிர, உறுதி செய்வது கடினம்.

உங்கள் கட்டண ஐயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கறை எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நிலையில் மூன்று குழாய்களையும் அடைத்து, கேப்பையும் போட்டு, முழுக் கட்டணமும் வாங்கியிருந்தால் நீங்கள் அன்று மகிழ்ச்சியாகவே வீடு திரும்பியிருப்பீர்கள். அவர் அப்படிச் செய்யவில்லை.

பதில் 2: ரப்பர் விவசாயி, குலசேகரம்

மருத்துவர் கடைசியாகச் சொன்னது எனக்கு அப்படியே நடந்தது என்பதால் எழுதுகிறேன். கீழ் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்லுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இடத்தில் வேர் சிகிச்சை செய்து கேப்பும் போட்டுக்கொண்டேன். ஒரே அமர்வில் முடிந்ததைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். ஓராண்டுக்குள் நாக்குப் பக்க ஈறில் மிளகளவு கொப்புளம் ஒன்று தோன்றியது. உடையும், ஆறும், மறுபடியும் வரும். மாத்திரை எழுதித் தந்தார்கள். மூன்று முறை மாத்திரை தின்றேன். எக்ஸ்ரேயில் அடைப்பு அழகாக இருக்கிறது, பல்லில் குறை ஒன்றுமில்லை என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார்கள்.

பிறகு வேறொரு மருத்துவர், கருவியைச் சற்றுச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தார். பின்வேரின் நிழலை ஒட்டி இரண்டாவது விளிம்புக் கோடு ஒன்று ஓடுவதைக் காட்டி, இங்கே மூன்றாவதாக ஒரு வேர் நாக்குப் பக்கமாக ஒளிந்திருக்கிறது என்றார். ரேடிக்ஸ் என்டோமோலாரிஸ் என்று பெயராம். வியன்னாவைச் சேர்ந்த காரபெல்லி 1844-ஆம் ஆண்டு நூலிலேயே எழுதிவைத்திருக்கிறாராம். கேப்பை அறுத்து எடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் பல்லின் உட்தரையைத் திரையில் எனக்கும் காட்டினார். வெளிறிய சுவர்கள் கருமையான தரையைச் சந்திக்கும் ஓரத்தில், மற்றக் குழாய்களின் வாய்களிலிருந்து விலகி நாக்குப் பக்கமாக, ஊசி முனையளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதில் ஹைப்போ (அந்த ஹைப்போகுளோரைட் திரவம்தான்) துளி விழுந்ததும் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. நான்கு ஆண்டுகளாக அதைத் திறப்பவர் இல்லை. முதலில் செய்தவர் பல்லை முக்கோணமாகத் திறந்திருக்கிறார். சதுரமாகத் திறந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்பது எனக்குப் பிறகு விளங்கியது. அந்தக் கொப்புளம் இப்போது இல்லை.

ஒரு செய்தி, இது சிகிச்சைக்குத் தேவையற்றது. பல்லில் எச்சில் படாதபடி வாயில் விரித்துக் கட்டிய ரப்பர் டேம் என்ற விரிப்பு எங்கள் மரத்துப் பால். குழாயை அடைக்கும் கட்டாபெர்ச்சாவும் மரப்பால்தான் என்று கேட்டபோது வியந்தேன். அது சப்போட்டா, இலுப்பை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த தென்கிழக்காசிய மரத்தினுடையதாம். மூலக்கூறின் அடிப்படை அலகு ஒன்றேதான், அமைப்புத்தான் வேறு. அதனால் ஒன்று இழுபடுகிறது, மற்றொன்று இறுகி நிற்கிறது. காலமெல்லாம் பால்வெட்டி வாழ்ந்தவன், இரண்டையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தேன்.

பதில் 3: பொதுப் பல் மருத்துவர், கருங்கல்

மார்த்தாண்டம் மருத்துவரின் விளக்கத்தோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஸ்கேன் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. குலசேகரம் நண்பருக்கு ஒளிந்திருந்த வேரைக் காட்டிக்கொடுத்தது சாய்த்து எடுத்த சாதாரணப் படம்தான் என்பதைக் கவனியுங்கள். கருவியை நகர்த்தி எடுத்தால், நாக்குப் பக்கத்தில் இருப்பது கருவி நகர்ந்த திசையிலும், கன்னப் பக்கத்தில் இருப்பது எதிர்த்திசையிலும் நகர்ந்து தெரியும். கிளார்க் 1910-இல் சொன்ன இந்த விதியை இன்றும் தினமும் பயன்படுத்துகிறோம். இதற்குச் செலவு இல்லை. அமெரிக்க வேர் சிகிச்சை மருத்துவர் சங்கமும் வாய்க் கதிரியல் கழகமும் 2015-இல் சேர்ந்து புதுப்பித்த நிலைப்பாட்டு அறிக்கையிலும், முதலில் சாதாரணப் படம், சிக்கலான அமைப்பு இருக்கக்கூடும் என்ற சந்தேகம் வந்தால் குறுகிய பரப்புக்கு மட்டும் சிபிசிடி என்ற ஒழுங்குதான் சொல்லப்பட்டிருக்கிறது. பல்வலி என்று வருகிற எல்லோரையும் ஸ்கேன் மையத்திற்கு அனுப்புவது எனக்கு உடன்பாடன்று. எனினும் டீச்சருடைய பல்லில் சந்தேகம் ஏற்கெனவே வந்துவிட்டது. எனவே எடுப்பது முறையே. முழுத் தாடைக்கு அன்று, அந்தப் பல்லைச் சுற்றிய சிறு பரப்புக்கு மட்டும் எடுக்கும்படி கேளுங்கள். கதிர்வீச்சும் குறையும், படமும் கூர்மையாக இருக்கும்.

பெரியத்தான் சொல்வதும் முழுத் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. பல் ஈறுக்குக் கீழே பிளந்திருந்தாலோ, கேப் பிடித்து நிற்குமளவு பல் மிஞ்சவில்லை என்றாலோ, எலும்பு கரைந்து பல் ஆடினாலோ நானும் பிடுங்கத்தான் சொல்வேன். இவை எதுவும் இல்லாதபோது, வேரின் வடிவத்தைக் காரணம் காட்டி மட்டும் பிடுங்குவது சரியன்று. எதிரேயுள்ள மேல்பல் நாளடைவில் கீழிறங்கத் தொடங்கும். மரச்சீனிக் கிழங்கை அல்லாமல் வேறெதையும் அந்தப் பக்கம் மெல்ல மாட்டேன் என்று முடிவு செய்தவர்களே அதைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம்.

செலவு பாரமாக இருந்தால் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நேரம் கூடுதலாகும், பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம்: இந்த அமைப்பு ஒரு பக்கத்தில் இருந்தால் மறுபக்கத்திலும் இருக்கும் வாய்ப்பு மிகுதி. இடப்பக்கப் பல்லையும் ஒருமுறை படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தக்கலை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. குச்சியின் பக்கவாட்டில் கறை படிந்ததற்கு வேரில் ஓட்டை விழுந்திருப்பதும் காரணமாகலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டு, இரண்டு நாளாக அதுவே நினைவாக இருக்கிறது. அப்படி இருந்தால் பல் போய்விட்டது என்றுதான் பொருளா? நிபுணர் செய்தும் பலன் இல்லாமல் போனால் அடுத்து என்ன வழி?

பதில் 4: வேர் சிகிச்சை மருத்துவர், மார்த்தாண்டம்

உங்களை அச்சுறுத்த வேண்டாம் என்றுதான் முதலில் எழுதவில்லை, கேட்டுவிட்டபடியால் சொல்கிறேன். பக்கவாட்டுக் கறைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, இடுக்கில் எஞ்சிய திசு. மற்றொன்று, சுவர் தேய்ந்து துளைபட்டிருப்பது. 'சி' வடிவ வேரில் பள்ளம் ஓடும் பக்கத்தில் சுவர் மிக மெல்லியது. நேரான வேரில் பயன்படுத்தும் பருமனான ஃபைலை அதே துணிச்சலோடு இங்கே ஓட்டினால் அந்தப் பக்கம் கிழிந்துவிடக்கூடும். இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. வேரின் நீளத்தை மின்முறையில் அளக்கும் அபெக்ஸ் லொக்கேட்டர், துளை இருந்தால் நுனிக்கு வெகு முன்னதாகவே வேரைக் கடந்துவிட்டதாகக் காட்டிவிடும். எஞ்சிய திசுவாக இருந்தால், ஹைப்போவை அதிரவைக்க அதிரவைக்க இரத்தம் குறைந்து நின்றுவிடும். துளையாக இருந்தால் நிற்காது. உங்கள் மருத்துவர் இரத்தத்தைப் பார்த்தவுடன் கருவியை நிறுத்திவிட்டார் என்பதால் முதலாவதற்கே நான் அதிக இடம் தருவேன்.

துளையாகவே இருந்தாலும் பல் போய்விட்டது என்று பொருளில்லை. 1993 முதல் மருத்துவ இதழ்களில் இடம்பெற்றுவரும் எம்டிஏ என்ற சிமெண்டு வகைப் பொருள் ஈரத்திலும் இறுகக்கூடியது. சிறு துளையை உடனே அதைக் கொண்டு மூடினால் பல பற்கள் நிலைத்துவிடுகின்றன. நாளாக நாளாக, கிருமி புகப் புக, வாய்ப்புக் குறையும். ஆகவே தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

அடைக்கும்போதும் இந்தப் பல்லுக்குத் தனிக் கவனம் தேவை. குளிர்ந்த கட்டாபெர்ச்சாக் குச்சிகளை ஒன்றன்பக்கம் ஒன்றாகச் செருகினால் நாடாவின் நடுப்பகுதி வெறுமையாகிவிடும். சூட்டில் இளகவைத்து அழுத்தினால்தான் வளைவுக்குள் பரவும். பிறகு கேப்புக்காக உள்ளே தண்டு நாட்டுவதை இயன்றவரை தவிர்க்கச் சொல்லுங்கள், அதே மெல்லிய சுவருக்காக.

பலன் இல்லாமல் போனால் என்ன வழி என்றீர்கள். மற்ற பற்களில் வேர்நுனியை அறுவை செய்து அடைப்போம். கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லில் கன்னப் பக்க எலும்பு தடித்திருப்பதாலும், அடியில் நரம்பு ஓடுவதாலும் அது எளிதன்று. இங்கேதான் வேர்கள் ஒட்டிக் கூம்பாக இருப்பது கைகொடுக்கிறது. பல்லை நோகாமல் முழுதாகக் கழற்றி, கையில் வைத்தே நுனியைச் சீராக்கி அடைத்து, சில நிமிடங்களுக்குள் அதே குழியில் திருப்பி வைத்துவிடலாம். கால் மணி நேரத்திற்குள் முடிப்பதே நல்லது. வேரின்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய இழைகள் உலர்ந்துவிடக் கூடாது. விரிந்து நிற்கும் இரண்டு வேர்களை இப்படி முறியாமல் எடுப்பது அரிது. உள்ளே எங்களை அலைக்கழிக்கும் அதே வடிவம் வெளியே எடுக்கும்போது உதவிக்கு வருவதை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வதுண்டு. ஆனால் இது கடைசி வழி. பெரியத்தானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

தக்கலை ஆசிரியை (ஐந்து வாரங்களுக்குப் பிறகு)

சிகிச்சை முடிந்துவிட்டது. ஸ்கேனில் 'சி' வடிவமே உறுதியானது. மேலே தொடர்ந்து, நடுவேரில் இரண்டாகப் பிரிந்து, நுனிக்குச் சற்று முன்பு மீண்டும் சேர்வதாக நிபுணர் ஒவ்வொரு அடுக்காக நகர்த்திக் காட்டினார். துளை இல்லை. முதல் அமர்வில் ஒன்றரை மணி நேரமும் ஏறக்குறைய கழுவியதாகவே நினைவு. கருவி ஓடியது குறைவு. காகிதக் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது குச்சியில் வெளிறிய சிவப்பு, ஆறாவதில் ஒன்றுமில்லை. இரண்டாம் அமர்வில் அடைத்தார். ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும் எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்க்க வேண்டும் என்று குறித்துத் தந்திருக்கிறார். கேப் எங்கள் ஊர் மருத்துவரே போட்டார். ஸ்கேன் படத்தைத் தன் கணினியில் ஏற்றிவைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார், கொடுத்தேன்.

கருங்கல் மருத்துவர் சொன்னபடி இடப்பக்கப் பல்லையும் படமெடுக்கச் சொன்னேன். அதே ஒட்டிய கூம்பு வேர்தான். அதன் மேற்பரப்பில் ஒரு சிறு சொத்தை இருந்தது; பற்கூழுக்கு இன்னும் தூரம் என்று கூறி அன்றே அடைத்துவிட்டார்.